பைக்குள் என்ன? சொல்லு பார்க்கலாம்!

"எம், ஏ, என், ஜி, ஓ... மேங்கோ!"

பத்து தடவை கத்துகிறான் பையன். சிலேட்டிலும் பத்து தடவை எழுதுகிறான். மறுநாள் மாம்பழத்தைக் காட்டி, "இதற்கு இங்கிலீஷில் என்ன?" என்று கேட்டால் திருதிரு என்று விழிக்கிறான்!

எழுத்து மனப்பாடம் ஆகிவிட்டது. பொருள் மனதில் பதியவில்லை. குற்றம் பையன் மேல் இல்லை.

அரியலூர் மாவட்டம் தா.பழூர் பக்கம் அப்பா கொல்லை வேலைக்குப் போவார். அம்மா பருத்தி எடுக்கப் போவார். வீட்டில் பிள்ளை யாரிடம் இங்கிலீஷ் பேசிப் பழகும்? பள்ளிக்கூடம்தான் கதி. அங்கேயும் வாய் திறக்கப் பயந்துவிட்டால், ஆறாம் வகுப்பில் இங்கிலீஷ் புத்தகமே பூச்சாண்டி ஆகிவிடும்.

பயத்தைப் போக்க நல்ல வழி விளையாட்டு.

பொருளைக் காட்டி வார்த்தையைச் சொல்லிக்கொடுப்பது புதிய யோசனை அல்ல. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னை ராஜ்யத்தில் 27 ஆயிரம் ஆசிரியர்களுக்கு இங்கிலீஷ் கற்பிக்கும் பயிற்சி அளிக்க ஒரு பெரிய ஏற்பாடு நடந்தது. 'மதராஸ் ஸ்நோபால்' என்று அதற்குப் பெயர். ஸ்நோபால் என்றால் பனி உருண்டை. உருள உருளப் பெரிதாகும் அல்லவா? அதுபோல, பயிற்சி பெற்ற சிலர் பலருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 2022-ல் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் சின்ன வகுப்புகளுக்கு ஆடல், பாடல், கதை எல்லாம் உண்டு.

துணிப்பை விளையாட்டு

ஒரு துணிப்பை போதும். கரண்டி, சாவி, சீப்பு, எலுமிச்சம்பழம் போடுங்கள். பிள்ளை பார்க்காமல் கையை விட்டுத் தடவ வேண்டும். "ஸ்பூன்!" "கீ!" "லெமன்!" சொன்ன பிறகே வெளியே எடுக்க வேண்டும். சீப்புக்கு 'கோம்'. 'கோம்ப்' என்று சொல்லாதீர்கள். கடைசியில் நிற்கும் 'பி' ஊமை!

எது காணோம்?

தட்டில் ஏழெட்டு சாமான்களை வைத்துத் துணியால் மூடுங்கள். ஒன்றை மறைத்துவிட்டுத் திறந்து காட்டுங்கள். காணாமல் போனது எது? இங்கிலீஷில் சொல்ல வேண்டும். இதற்கு 'கிம் விளையாட்டு' என்று பெயர். பம்பாயில் பிறந்த எழுத்தாளர் கிப்ளிங் 1901-ல் வெளியிட்ட 'கிம்' நாவலில், சிம்லாவில் ஒரு கடையில் சிறுவன் கிம் இதுபோன்ற ஒரு விளையாட்டை விளையாடுவான்.

ராஜா சொல்கிறார்

"ராஜா சொல்கிறார், ஜம்ப்!" என்றால் குதிக்க வேண்டும். வெறும் "ஜம்ப்!" என்றால் குதிக்கக் கூடாது. வெளிநாட்டுப் பிள்ளைகள் ராஜாவுக்குப் பதில் 'சைமன்' என்பார்கள். வகுப்பே சிரிக்கும்.

இதில் ஒரு எச்சரிக்கை. தவறு செய்த பிள்ளையை 'அவுட்' என்று உட்கார வைப்பது வழக்கம். அது கூடாது! வார்த்தை தெரியாத பிள்ளைதானே முதலில் தவறு செய்யும்? அவனை ஓரங்கட்டிவிட்டு, தெரிந்தவனுக்கே மறுபடியும் சொல்லிக்கொடுத்து என்ன பயன்? தவறியவனை ராஜா ஆக்குங்கள். கட்டளை போட அவனுக்கு வார்த்தை வேண்டும். தானாகக் கேட்டுத் தெரிந்துகொள்வான்.

தாய்மார்களே, உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ராத்திரி சோறு வேகும் நேரத்தில் துணிப்பையை நீங்கள் நிரப்பிக் கொடுங்கள். பிள்ளை வாத்தியார் ஆகட்டும். அது சொல்வதை நீங்கள் திருப்பிச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து வார்த்தை போதும்.