எந்த ஆழத்துத் தண்ணீர்?

குழந்தைகள் அறிவியல் மாநாட்டு ஆய்வுகளைப் பதிவு செய்யக் கடைசி நாள் நெருங்குகிறது. மணலி புதுநகரிலிருந்து வரும் கடிதங்களில் ஒரே குழப்பம்: கொசஸ்தலை ஆற்றில் எங்கே போய்த் தண்ணீர் பிடிப்பது? இடத்தோடு நேரத்தையும் ஆழத்தையும் சேர்த்துக் கேட்டிருக்கலாம்.

'மாதிரி' என்பது, அறிக்கைகளின் மொழியில், ஆறு முழுவதற்கும் சாட்சி சொல்லும் ஒரு பாட்டில். அந்த ஆறு கடலில் சேரும் எண்ணூர் கழிமுகத்தில் அந்தச் சாட்சியை நம்புவது கடினம். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருப்பதால் கனம் அதிகம். ஓதம் ஏறும்போது முகத்துவாரம் வழியாக அது அடியில் நுழையும். ஆற்றுநீர் மேலே கிடக்கும். எண்ணெயும் மேலேதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து படகிலும் வலையிலும் அப்பியது நினைவிருக்கும். அனல் மின் நிலையச் சாம்பலோ அடியில் போய்ப் படியும். மேலே மட்டும் பிடித்தால் சாம்பல் தப்பிவிடும். ஓதம் ஏறி நிற்கையில் பிடித்தால் கடல்நீர் கலந்து கழிவின் செறிவு குறைந்து தெரியும். 'வரம்புக்குள் உள்ளது' என்று யார் சொன்னாலும், எத்தனை மணிக்கு, எந்த ஆழத்தில் என்று கேளுங்கள்.

இதைப் பிள்ளைகளே சோதித்துவிடலாம் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். கண்ணாடி பாட்டிலில் கல்லைக் கட்டித் தக்கையால் மூடுங்கள். பாட்டிலுக்கு ஒரு கயிறு, அதில் அடிக்கொரு முடிச்சு. தக்கைக்குத் தனிக் கயிறு. வேண்டிய ஆழத்தில் தக்கையைச் சுண்டினால் அங்குள்ள நீர் நிறையும். நிறைந்த பாட்டிலை நேராகத் தூக்கினால் மேல்நீர் அவ்வளவாகக் கலக்காது. ஸ்ட்ராவின் அடியில் களிமண் அடைத்து அந்த நீரில் மிதக்கவிடுங்கள். உப்பு கூடக்கூட ஸ்ட்ரா உயர்ந்து நிற்கும். மேல்நீர், அடிநீர் இரண்டையும் ஓதம் ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை அளந்தால் நான்கு அளவுகள். ஒரே இடம், ஒரே நாள், நான்கும் ஒத்துப்போகுமா என்று பாருங்கள்.

மற்ற கேள்விகளுக்கும் பதில்: கன உலோகம் அளக்கலாமா? பள்ளியில் முடியாது, விட்டுவிடுங்கள்.

ஆற்றில் இறங்கலாமா? கூடவே கூடாது; பெரியவர்கள் துணையோடு பாலத்திலிருந்து, கையுறை போட்டு.

ஓத நேரம்? இறால் பிடிப்பவர்களைக் கேளுங்கள்.

ஆலைகளின் பெயரை எழுதலாமா? அளந்ததை மட்டும் எழுதுங்கள்.

பள்ளியை விட்டு நின்ற பிள்ளை மாநாட்டில் சேரலாமா? 10 முதல் 17 வயதுக்குள் என்றால் தாராளமாக.