உடைமுகத்தைத் தொடாதீர்கள்

1989 ஜூலை 19 அன்று, அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்கு மேலே பறந்துகொண்டிருந்த டிசி-10 விமானத்தின் வால் எஞ்சினில் டைட்டானிய விசிறி வட்டு ஒன்று உடைந்து சிதறியது. துண்டுகள் பாய்ந்ததில் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் செயலிழந்தன. சூ சிட்டியில் இறங்க முயன்று விமானம் தரையில் மோதியது. இருந்த 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். வட்டின் பெரும்பகுதி மூன்று மாதம் கழித்து, மக்காச்சோள அறுவடையின்போதுதான் கிடைத்தது.

வயலில் கிடந்த அந்த உலோகம் எவ்வளவு சொன்னது, பாருங்கள். நடுத்துளையின் விளிம்பில் சின்னஞ்சிறு குழி. டைட்டானியத்தை உருக்கியபோதே நைட்ரஜன் சேர்ந்து கெட்டிப்பட்ட துணுக்கு அங்கே இருந்திருக்கிறது. விரிசல் அங்கேதான் பிறந்தது. ஒவ்வொரு பறப்பிலும் எஞ்சின் முழுவேகம் எடுக்கையில் அது துளி நீண்டு, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் கோடொன்றை விட்டுச் சென்றது. கோடுகளைக் கணக்கிட்டார்கள், வட்டு பார்த்திருந்த 15,503 பறப்புகளோடு எண்ணிக்கை ஏறக்குறைய ஒத்துப்போனது. வட்டு வேலைக்கு வந்த நாளிலிருந்தே பிழையும் கூடவே பறந்திருக்கிறது!

இன்னொரு தடயம் எனக்கு இதைவிடத் திகைப்பு. 760 பறப்புகளுக்கு முன், விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வட்டில் ஒளிரும் சாயம் பூசிச் சோதித்திருந்தார்கள். அந்தச் சாயத்தின் எச்சம் விரிசலுக்குள்ளேயே இருந்தது. அன்றே விரிசல் இருந்தது. சோதித்தவர் கண்ணில் படவில்லை.

ஆலையில் உடையும் ஷாஃப்டையும் இப்படித்தான் படிக்கிறார்கள். உலோகச் சோர்வினால், அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால், முறிந்த உடைமுகத்தில், அலை மணலில் விட்டுப்போன வரிகளைப்போல வளைகோடுகள் பெரும்பாலும் வெறுங்கண்ணுக்கே தெரியும். அவை சுருங்கிச் சேரும் இடம்தான் விரிசலின் தொடக்கம். மிச்சமுள்ள சொரசொரப்பான பகுதி கடைசி நொடியில் முறிந்தது. அது சிறிதாக இருந்தால் சுமை அதிகமில்லை என்று பொருள்.

ஜாம்ஷெட்பூரின் தேசிய உலோகவியல் ஆய்வகம் இந்த வேலையைச் செய்கிறது. ஐஐடிகளின் உலோகவியல் துறைகளிலும் ஆள் உண்டு. ஆனால் அவர்களிடம் போவதற்குள் நம் பட்டறைகளில் இரண்டு துண்டையும் பொருத்திப் பார்த்துவிடுகிறோம், துருவைக் கம்பி பிரஷால் தேய்த்துவிடுகிறோம். கோடுகள் நசுங்கிவிட்டால் எந்த நிபுணராலும் மீட்டுத் தர முடியாது. இரு பாதிகளையும் ஒன்றோடொன்று உரசாமல், ஈரம் படாமல் தனித்தனியே சுற்றி அனுப்புங்கள். எத்தனை மணி நேரம் ஓடியது, கடைசியாக எதை மாற்றினீர்கள், அதிர்வு இருந்ததா என்பதையும் எழுதி வையுங்கள். வெட்டித்தான் எடுக்க வேண்டுமென்றால் கேஸ் கட்டிங் வேண்டாம். சூடு உலோகத்தின் உள்ளமைப்பையே மாற்றிவிடும். உடைமுகத்திலிருந்து நன்றாகத் தள்ளி, ரம்பத்தால் அறுக்கலாம்.