இசை ரசிகர் நினைவுகளும் கேட்டலின் வரலாறும்: கள்ளக்குறிச்சி – கல்வராயன் மலை வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

இசை ரசிகர்கள் தாம் விரும்பிய இசைத்தட்டுகள், கச்சேரிகள், கலைஞர்கள் குறித்துப் பகிரும் நினைவுகள் பிழை மலிந்தவை எனக் கருதப்பட்டு, வரலாற்றெழுதலில் பெரும்பாலும் ஒதுக்கப்படுகின்றன. அந்நினைவுகளில் தோன்றும் கால முரண்களே ஓர் இசை ஓர் ஊரை வந்தடைந்த வழியைக் காட்டும் சான்றுகளாக அமையக்கூடும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இவ்வகை ஆய்வைக் கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலை வட்டாரத்தில் மேற்கொள்வோர் கருத வேண்டியனவும் சுட்டப்படுகின்றன.

குறிச்சொற்கள்: இசைத்தட்டு, வானொலி நேயர், ஒலிநாடா, வாய்மொழி வரலாறு, கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலை.

முன்னுரை

தமிழில் பதிவிசையின் வரலாறு குறித்துக் குறிப்பிடத்தக்க ஆய்வுகள் வெளிவந்துள்ளன. கம்பெனி நாடகம், இசைத்தட்டு, தொடக்ககாலத் திரைப்படம் ஆகியவற்றுக்கும் தேசிய இயக்கத்துக்கும் இடையிலான உறவைச் சு. தியடோர் பாஸ்கரன் ஆராய்ந்தார். நாடகம், கிராமபோன், திரைப்படம் ஆகிய மூன்றின் பிணைப்பை ஸ்டீபன் ஹியூஸ் ஆராய்ந்தார். இசை எவ்வாறு உருவாக்கப்பட்டது, விற்கப்பட்டது என்பதை அறிய நிறுவன ஆவணங்களும் இதழ் விளம்பரங்களும் உதவுகின்றன. அவ்விசை ஓர் உள்நாட்டு ஊரில் எவ்வாறு கேட்கப்பட்டது என்பதற்கு அத்தகைய ஆவணங்கள் பெரிதும் உதவுவதில்லை. சேலம் – உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் அமைந்து, மேற்கே கல்வராயன் மலையையும் சுற்றிலும் வேளாண் சிற்றூர்களையும் கொண்ட கள்ளக்குறிச்சி போன்ற ஊர்களுக்கு, கேட்டவர்களின் நினைவே முதன்மைச் சான்றாக எஞ்சுகிறது.

‘கேட்டேன்’ என்னும் சொல்லின் விரிவு

தமிழில் ‘கேட்டேன்’ என்னும் வினை, கலைஞரை நேரில் கேட்டதையும் கருவியின் வழியே கேட்டதையும் ஒன்றாகவே உணர்த்துகிறது. செங்கோட்டையில் 1906இல் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில் மறைந்தார். அதன்பின் பிறந்த ஒருவர் “கிட்டப்பாவைக் கேட்டிருக்கிறேன்” எனக் கூறினால் அது பொய்யன்று. அவர் குறிப்பது இசைத்தட்டையோ வானொலியையோ ஆகும். இவ்வேறுபாட்டைக் கேட்டறியாமல் கூற்றை மட்டும் பதிவு செய்தால், நடைபெறாத ஒரு கச்சேரி ஓர் ஊரின் வரலாற்றில் இடம்பெற்றுவிடும். எனவே, ‘யாரைக் கேட்டீர்கள்’ என்பதற்கு அடுத்து ‘எதில் கேட்டீர்கள்’ என்னும் வினாவும் எழுப்பப்பட வேண்டும்.

கருவி, கேட்ட அளவையும் தீர்மானித்தது. நிமிடத்திற்கு 78 சுழற்சி கொண்ட பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். மேடையில் நெடுநேரம் விரித்துப் பாடப்பட்ட ஒரு பாடலைத் தட்டின் வழியே மட்டும் அறிந்தவர், அச்சுருங்கிய வடிவையே பாடலின் முழுவடிவாக நினைவில் கொண்டிருத்தல் இயல்பு.

மூன்று காலங்கள்

ரசிகர் ஒருவர் ஒரு பாடலுக்குக் கூறும் ஆண்டு, அப்பாடல் வெளிவந்த ஆண்டோடு பலபோது பொருந்துவதில்லை. இம்முரணை நினைவுப்பிழை எனத் தள்ளுவதற்கு முன், மூன்று காலங்களைப் பிரித்தறிதல் வேண்டும். முதலாவது, இசை வெளிவந்த காலம். இரண்டாவது, அது அவ்வூரை அடைந்த காலம். மூன்றாவது, அது ஒருவரின் வாழ்வில் ஒரு நிகழ்வோடு பிணைந்த காலம்.

நகரத் திரையரங்குகளில் ஓடி முடிந்த படங்கள், காலம் கடந்தே சிற்றூர்களின் டூரிங் டாக்கீஸை அடைந்தன. திருமணம், காதுகுத்து, கோயில் திருவிழா ஆகியவற்றில் வாடகைக்கு எடுக்கப்பட்ட ஒலிபெருக்கிக் குழாய்களில் பழைய தட்டுகளும் புதிய தட்டுகளும் கலந்தே ஒலித்தன. ஆதலால், பத்தாண்டு பழைய பாடலொன்றை ‘அக்காள் திருமணத்தின்போது வந்த பாட்டு’ என ஒருவர் நினைவுகூர்ந்தால், அவர் இரண்டாம், மூன்றாம் காலங்களைக் கூறுகிறார் எனக் கொள்ளலாம். முதற்காலத்தைத் தட்டின் முகப்புத்தாளும் தட்டு எண்ணும் தரும். பின்னிரண்டையும் அவை தருவதில்லை. வெளியீட்டு ஆண்டுக்கும் நினைவின் ஆண்டுக்கும் இடையிலான தொலைவு, அவ்வூரில் இசை பரவிய வேகத்தையும் அது நிலைத்திருந்த காலத்தையும் அறிய உதவும் அளவுகோலாகும்.

வானொலி நேயர்கள்

அகில இந்திய வானொலியில் பி. வி. கேஸ்கர் அமைச்சராயிருந்த 1950களில் திரையிசைக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. அக்காலத்தில் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு, தமிழகத்தின் திரையிசை ரசிகர்களைத் தன்பால் ஈர்த்தது. 1957இல் விவித பாரதி தொடங்கப்பட்ட பின்னரும் இலங்கை வானொலியின் செல்வாக்கு நீடித்தது. பொங்கும் பூம்புனல், நேயர் விருப்பம், இசையும் கதையும் முதலிய நிகழ்ச்சிகளையும், எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகிய அறிவிப்பாளர்களின் குரல்களையும் அத்தலைமுறையினர் பாடல்களோடு சேர்த்தே நினைவுகூர்கின்றனர்.

நேயர் விருப்பத்திற்கு அஞ்சலட்டை அனுப்பிக் காத்திருந்தவர்க்குப் பாடல் மட்டுமன்றித் தம் பெயரும் ஊரும் ஒலித்த கணமும் நினைவில் நின்றது. இந்நினைவுகளைச் சரிபார்க்கும் துணைச்சான்றுகள் இல்லங்களிலேயே இருக்கக்கூடும். வானொலிப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் உரிமம் பெற வேண்டியிருந்த காலத்தின் உரிமப் புத்தகம், ஒரு வீட்டுக்கு வானொலி வந்த ஆண்டை உறுதிப்படுத்த வல்லது.

ஒலிநாடாப் பட்டியல்கள்

1980களில் ஒலிநாடா பரவலானபோது, ரசிகர் தாம் விரும்பிய பாடல்களைத் தாளில் எழுதிக் கடையில் கொடுத்து, வெற்று நாடாவில் பதிவு செய்து பெறும் வழக்கம் தமிழகமெங்கும் நிலவியது. 60 அல்லது 90 நிமிட நாடாவிற்குள் அடங்குமாறு பாடல்களைத் தேர்ந்து வரிசைப்படுத்தியவர் ரசிகரே. நாடா உறையின் உட்தாளில் கைப்பட எழுதப்பட்ட அப்பட்டியல், பிற்கால நினைவின் கலப்பற்றது. கேட்ட காலத்திலேயே எழுதப்பட்ட சான்று. பாடலைத் திரைப்படத்தின் பெயரால் குறித்தாரா, நடிகர், பாடகர், இசையமைப்பாளர் ஆகியோருள் ஒருவர் பெயரால் குறித்தாரா என்பது, ரசனையின் மையம் எங்கிருந்தது என்பதை வெளிப்படுத்தும்.

ஊர்ப்பெயரும் மலைப்பகுதியும்

இவ்வட்டாரத்தை ஆராய்வோர் இரண்டினைக் கருத்திற்கொள்ள வேண்டும். முதலாவது நிர்வாக எல்லை. கள்ளக்குறிச்சி 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்திலும், பின்னர் விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்து, 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. ஆகவே, பழைய அஞ்சலட்டைகளிலும் இதழ்களின் வாசகர் கடிதங்களிலும் இவ்வூர் ரசிகர்களைத் தேடுவோர் ‘தென்னார்க்காடு’ என்னும் பெயரின்கீழ்த் தேடுதல் வேண்டும்.

இரண்டாவது கல்வராயன் மலை. மலையாளிப் பழங்குடியினர் வாழும் இம்மலைப்பகுதி நெடுங்காலம் மூன்று ஜாகீர்களின் ஆளுகையில் இருந்து, 1976இல் அரசின் நேரடி நிர்வாகத்தின்கீழ் வந்தது. சமவெளியின் காலவரிசையை மலைக்கு அப்படியே பொருத்துதல் முறையாகாது. மின்னிணைப்பை எதிர்பாராத, மின்கலத்தால் இயங்கும் டிரான்சிஸ்டர் வானொலி, தட்டுக்கும் திரையரங்குக்கும் முன்னரே ஒரு மலையூரை அடைந்திருக்க வாய்ப்புண்டு. இது ஊர்தோறும் கேட்டறியத்தக்கது. அம்மக்களுக்கெனச் சடங்குப் பாடல்களும் ஆடல்களும் உள்ளன. ‘பிடித்த பாட்டு எது’ என்னும் வினா, திரையிசையையே பாட்டு எனக் கருதும் விடையை முன்கூட்டியே வருவித்துவிடக்கூடும்.

முடிவுரை

எங்கே கேட்டார், எதில் கேட்டார், யாருடன் கேட்டார், வாழ்வின் எந்நிகழ்வை ஒட்டிக் கேட்டார் என்னும் நான்கு வினாக்களோடு பதிவு செய்யப்படும் ரசிகர் நினைவு, வெறும் ஏக்கமாக நில்லாது வரலாற்றுச் சான்றாகிறது. இசைத்தட்டின் பிரதிகளைச் சேகரிப்பாளர்களிடம் தேடிப் பெறலாம்; அத்தட்டு ஒரு சிற்றூரின் பந்தலில் ஒலித்தபோது கேட்டவரின் நினைவுக்கு மறுபிரதி இல்லை. 78 சுழற்சித் தட்டுகளைத் தம் இளமையில் கேட்டவர்கள் இன்று முதுமையில் உள்ளனர். நாடா உறைகளோ பழைய பொருள்களோடு கழிக்கப்படுகின்றன. இவ்வட்டாரக் கல்லூரிகளின் தமிழ்த்துறை மாணவர்கள் தத்தம் இல்லத்து முதியோரிடமிருந்தே இப்பணியைத் தொடங்க இயலும்.