வரலாற்றுப் பட்டமும் அதன் பயனும்

மருத்துவம் பயின்றவன் மருத்துவனாகின்றான். சட்டம் பயின்றவன் வழக்கறிஞனாகின்றான். வரலாறு பயின்றவன் யாதாகின்றான்? கலைப்பிரிவிற் பல்கலைக்கழகம் புகும் மாணாக்கர் இல்லங்களிலெல்லாம் எழும் வினா இது. ஒற்றை வழி இல்லாமையால் அது வழியற்ற கல்வி என முடிவு செய்வோரும் உளர். அம்முடிவு பொருந்துமா என்று ஆராயுமுன், அக்கல்வி அளிக்கும் பயிற்சி யாது என்பதை அறிதல் வேண்டும்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் நிறுவப்பட்டு, 1952இற் பேராதனையில் நிலைகொண்டது. 1960 முதல் கலைப்பாடங்கள் தாய்மொழியிற் கற்பிக்கப்படலாயின. வந்தாறுமூலையில் 1981இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி 1986இற் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. 1995இல் அட்டாளைச்சேனையில் தொடங்கிய கல்லூரி மறு ஆண்டே தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்து, அயலூராகிய ஒலுவிலில் அமைந்தது. இதனால் உயர்கல்வி இக்கரையோர மக்களின் வாயிலுக்கே வந்தெய்தியது. கலைத்துறைப் பொதுப் பட்டம் மூன்று ஆண்டுகளில் முடியும். சிறப்புப் பட்டத்திற்கு நான்கு ஆண்டுகள் வேண்டும். அம்மாணாக்கன் தானே ஒரு பொருளை ஆராய்ந்து ஆய்வேடு எழுதுதல் மரபு.

அவ்வாராய்ச்சியின் இயல்பை இப்பிரதேசத்துச் செய்தியொன்றே காட்டும். போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து 1626இல் முஸ்லிம்களை வெளியேற்றினர் என்றும், கண்டி மன்னன் செனரத் அவர்களுள் நாலாயிரவரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்றும் நூல்கள் கூறும். பாடசாலை மாணாக்கன் இதனை மனனம் செய்து விடை எழுதுவான். பட்டப்படிப்பு மாணாக்கனோ, இதனைக் கூறியவர் யார் என முதலில் வினவுவான். குவேறோஸ் என்னும் இயேசு சபைத் துறவியின் நூலே இதற்கு முதன்மைச் சான்று. அவர் அதனைக் கோவாவில் இருந்து எழுதி, நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளின் பின் நிறைவு செய்தார். அஃது அச்சேறியதோ 1916இலேயே. நாலாயிரம் என்பது எண்ணிக் கண்ட தொகையா, மதிப்பீடா? போர்த்துக்கேயர் சார்பில் எழுதியவர் எதனை மிகைப்படுத்தியிருப்பார்? அவர்கள் வருமுன்னரே இங்கு முஸ்லிம்கள் வாழ்ந்தனரா?

இவ்வினாக்களுக்கு விடைதேடுங்கால் அவன் வேறு சான்றுகளை நாடுவான். 1962இற் பதிப்பிக்கப்பெற்ற மட்டக்களப்பு மான்மியம் ஒன்று. இப்பகுதித் தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே பேணிவந்த தாய்வழிக் குடி முறை மற்றொன்று. பள்ளிவாசல் நிருவாகத்திற் குடிகளுக்குரிய மரைக்காயர் இடம்பெறும் வழக்கம் பிறிதொன்று. ஏட்டுச் செய்தியையும் வாழும் வழக்கத்தையும் ஒப்புநோக்கி, இவ்வளவே துணியலாம், இதற்கு மேற் சான்றில்லை என எல்லை வகுத்தலே வரலாற்றுப் பயிற்சியின் சாரம்.

புதிய சான்று கிடைப்பின் தன் முடிவைத் தானே திருத்துதலும் அப்பயிற்சியின் கூறாம். பேராசிரியர் கா. இந்திரபாலா இலங்கையின் திராவிடக் குடியேற்றங்கள் பற்றி 1965இல் இலண்டனில் ஆய்வேடு அளித்தவர். நாற்பது ஆண்டுகளின் பின், 2005இல் வெளியிட்ட நூலில், தம் முன்னைய கருத்துகள் பலவற்றைத் தாமே மாற்றியமைத்தார். அஃது அறிஞர்க்கு இழுக்கன்று, அணியேயாம்.

இத்தகைய பயிற்சி பெற்றவனுக்கு வாயில்கள் பல. ஆசிரியத் தொழில் முதலாவது. 1963இல் அமைக்கப்பெற்ற இலங்கை நிருவாக சேவைக்குரிய போட்டிப் பரீட்சை இரண்டாவது. தொல்பொருளியல் திணைக்களம், தேசிய சுவடிகள் திணைக்களம், நூதனசாலை, பத்திரிகைத் துறை, வெளிநாட்டுச் சேவை என்பனவும் உள. சட்டம் பயிலச் செல்வோர்க்கும் சான்றை எடைபோடும் பழக்கம் பெருந்துணையாகும். எனினும் பட்டத்தாள் தானே தொழிலைக் கொணராது. அரசாங்க நியமனத்தை மட்டும் நம்பி ஆண்டுக்கணக்கிற் காத்திருப்போர் நிலை இதனை உணர்த்தும். விரிவுரைக் குறிப்புகளை மட்டும் கற்றுத் தேறியவனுக்கும், மூலச் சான்றுகளைத் தேடிப் பயின்றவனுக்கும் பட்டம் ஒன்றே, ஆற்றல் ஒன்றன்று. சிங்களமும் ஆங்கிலமும் கைவரப்பெற்றவனுக்கு வாயில்கள் மேலும் அகலும். ஒல்லாந்தர் காலத் தோம்புகளைப் படிக்க விழைவோன் அவர்தம் மொழியையும் கற்றல் வேண்டும்.

தனிமனிதன் ஊதியத்தினும் பெரிய பயன் ஒன்றும் உண்டு. 2004 திசெம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை அம்பாறைக் கரையோரத்திற் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. மனைகளோடு காணி உறுதிகளும் குடும்பப் பத்திரங்களும் அழிந்தன. எஞ்சிய ஏடுகளைக் கறையானும், முதியோர் நினைவிலுள்ள செய்திகளைக் காலமும் அரித்து வருகின்றன. அவற்றைத் தேடித் தொகுத்து, மெய்யும் புனைவும் பிரித்து எழுதுவோர் இவ்வூர்களிலேயே தோன்றல் வேண்டும். அன்றேல், இம்மக்களின் வரலாறு, நாலாயிரவர் கதையைப் போல, தொலைவிலிருந்து பிறர் எழுதியதாகவே நின்றுவிடும். வரலாறு பயின்றவன் யாதாகின்றான் என்னும் வினாவிற்கு, தன் ஊருக்குச் சான்றாளனாகின்றான் என்பதே தக்க விடையாகும்.