இரவில் மரத்துப்போகும் கை: கத்திக்கு முன் என்ன வழி?

நள்ளிரவில் திடீரென்று விழிப்பு வரும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துப்போய் ஊசி குத்துவதுபோல் எரியும். எழுந்து உட்கார்ந்து கையை நாலு உதறு உதறினால் அடங்கும். காலையில் ஜாக்கெட் ஊக்கு மாட்ட விரல் ஒத்துழைக்காது. 'ரத்த ஓட்டம் சரியில்லை', 'வாயு' என்று சொல்லியே மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்கள் ஏராளம்.

சுண்டுவிரல் மட்டும் தப்பியிருந்தால், அது 'கார்ப்பல் டனல் சிண்ட்ரோம்' ஆக இருக்க வாய்ப்பு அதிகம். மணிக்கட்டில் எலும்புகளுக்கும் தடித்த பட்டை ஒன்றுக்கும் நடுவே குறுகலான சுரங்கம் இருக்கிறது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள்தான் நெருக்கியடித்துப் போகின்றன. உள்ளே வீக்கம் வந்தால் நசுங்குவது அந்த நரம்பு. சுண்டுவிரலின் நரம்பு வேறு வழியில் போகிறது.

தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கிக்கொள்வதால் சுரங்கத்தில் அழுத்தம் ஏறும். அதனால்தான் முதல் மருத்துவம் இரவிலேயே தொடங்குகிறது: மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்ப்ளின்ட். கடையில் கிடைக்கும் பலவற்றில் உள்ளிருக்கும் உலோகத் தகடு மேல்நோக்கி வளைந்திருக்கும். அப்படியே மாட்டினால் பலன் குறையும். தகட்டை உருவி நிமிர்த்தித் தரும்படி பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்க வேண்டும். விரல்கள் தாராளமாக மடங்க வேண்டும், இறுக்கிக் கட்டக் கூடாது. இரண்டு நாளில் கழற்றி எறிந்துவிட்டுக் குறை சொல்வதில் நியாயமில்லை. குறைந்தது ஆறு வாரமாவது பொறுக்க வேண்டும்.

அடுத்தது ஸ்டீராய்டு ஊசி. பிரிட்டனில் 234 பேரிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், ஆறாவது வாரத்தில் இரவு ஸ்ப்ளின்ட்டைவிட ஊசியே கூடுதல் நிவாரணம் தந்தது. ஆறு மாதத்தில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. ஸ்ப்ளின்ட்டில் குணமாகாத 111 பேரிடம் சுவீடனில் நடந்து 2013-ல் வெளியான ஆய்விலும் ஊசி முதலில் நன்றாகவே கைகொடுத்தது. ஆனாலும், அதிக அளவு மருந்து பெற்றவர்களிலேயே 73 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சைக்குப் போனார்கள். வெற்று ஊசி பெற்றவர்களில் 92 சதவீதம். சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த ஊசி சில நாட்கள் ரத்தச் சர்க்கரையை ஏற்றும் என்பதால், முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

யோகாவையும் தள்ளிவிட முடியாது. 1998-ல் அமெரிக்காவில் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், எட்டு வாரம் ஆசனப் பயிற்சி செய்தவர்களுக்கு வலி குறைந்து பிடிமானம் கூடியது. பலரும் தாமாகவே வாங்கி விழுங்கும் 'நரம்பு மாத்திரை' விஷயம் வேறு. அதிலுள்ள பி6 இந்த நோயைத் தீர்ப்பதாகத் தெளிவான ஆதாரம் இல்லை. அளவு மீறி நெடுநாள் சாப்பிட்டால் அதுவே நரம்பைக் கெடுக்கும். அந்தக் காசுக்குத் தைராய்டும் சர்க்கரையும் பரிசோதித்துக்கொள்ளலாம். இரண்டுமே இந்த மரமரப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கக்கூடியவை. கர்ப்பகாலத்தில் வந்தால், பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் தானாகவே தணியும்.

இன்றே இரு உள்ளங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கட்டைவிரலுக்குக் கீழுள்ள மேட்டைப் பாருங்கள். ஒரு பக்கம் வற்றித் தட்டையாகியிருந்தாலோ, மரமரப்பு பகலிலும் விடாமல் இருந்தாலோ, ஸ்ப்ளின்ட்டை நம்பிக் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.