10 கிலோ கொழுந்து 8 கிலோ ஆகும் கணக்கு

கொழுந்து நிறுக்கும் இடத்தில் கழிவுச் சண்டை மலையகத்துக்குப் புதிதல்ல. சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். கொழுந்து எடுத்தவர் முணுமுணுப்பார். யாருமே கழிக்காமல், கணினி தன்பாட்டில் கிலோவைக் குறைக்கும் வழி ஒன்றும் உண்டு. அதில் திருட்டு இல்லை, கோளாறும் இல்லை. எல்லாம் விதிப்படியே நடக்கும். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கணினி படிக்கிற பிள்ளைகள், தாங்கள் எழுதிய ஸ்கிரிப்டை ஒரே ஷெல்லில் ஓட்டிப் பார்த்துவிட்டு "சரியாக வருகிறது" என்று மூடி வைக்கக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான உதாரணம்.

பயிற்சிக்காக ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். பல தோட்டங்களில் இப்போது இலத்திரனியல் தராசு இருக்கிறது. அது எடையை எப்போதும் மூன்று இலக்கமாகவே எழுதுகிறது என்று வையுங்கள். ஒரு பெண் காலையில் 011, மத்தியானம் 010, மாலையில் 007 கிலோ நிறுக்கிறார். மொத்தம் 28. நாளுக்கு 18 கிலோ எடுக்க வேண்டும் என்றால் மேலதிகம் 10 கிலோ. தோட்டத் தொழிலாளருக்கான 2019ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் இருந்தபடி மேலதிக கிலோவுக்கு 40 ரூபா போட்டால், கைக்கு வர வேண்டியது 400 ரூபா.

இதே மூன்று எண்களை லினக்ஸ் கணினியில் பாஷ் ஷெல்லிடம் கொடுத்துக் கூட்டச் சொன்னால் 24 என்று சொல்லும். மேலதிகம் 6 கிலோ, தொகை 240 ரூபா. 160 ரூபா சத்தமில்லாமல் போய்விட்டது.

காரணம் முன்னால் நிற்கும் பூச்சியம். சி நிரல்மொழியின் வழக்கப்படி, பூச்சியத்தில் தொடங்கும் முழு எண் எட்டின் அடியில் எழுதப்பட்டதாகக் கொள்ளப்படும். அந்தக் கணக்கில் 011 என்பது 9, 010 என்பது 8. ஷெல்களுக்கான போசிக்ஸ் தரநிர்ணயமும் இதையே ஏற்றுக்கொண்டிருக்கிறது. 008 வந்தால் அப்படி ஓர் எண்ணே இல்லை என்று பாஷ் பிழைச் செய்தி காட்டிக் கூட்டலை நிறுத்திவிடும். அது நல்லது, பார்க்கிறவர் விழித்துக்கொள்வார். 010 வந்தால்தான் ஆபத்து. எதுவும் நிற்காது, பட்டியல் அச்சாகிக் கையெழுத்துக்குப் போய்விடும்.

இப்போது டாஷ் என்ற இன்னொரு ஷெல்லில் ஓட்டிப் பாருங்கள். அங்கும் 24தான். இரண்டு சாட்சிகள் ஒரே மாதிரிச் சொல்லிவிட்டார்கள் என்று நிம்மதியடைந்தால் ஏமாந்தோம். இஸட் ஷெல் என்ற மூன்றாவதில் அதையே ஓட்டினால் 28 வரும். முன்னால் நிற்கும் பூச்சியத்தை அது இயல்பாகப் பொருட்படுத்துவதில்லை. தரத்தின்படி பார்த்தால் முதல் இரண்டும்தான் ஒழுங்கானவை. நிறுவைக்காரருக்கு உண்மை சொன்னது மூன்றாவது. எது "சரியான" ஷெல் என்று தீர்ப்புச் சொல்வதில் எனக்கு ஆர்வமில்லை. விடைகள் பிரிகிற இடத்தில் உங்கள் ஸ்கிரிப்டில் ஓட்டை இருக்கிறது. அதைக் காட்டிக்கொடுக்கத்தான் இன்னொரு ஷெல் தேவைப்படுகிறது.

இத்தனை ஷெல்கள் எங்கிருந்து வந்தன? ஷெல் என்பது நாம் தட்டும் கட்டளையை வாங்கி, புரிந்துகொண்டு, இயங்குதளத்திடம் வேலை வாங்கித் தரும் நிரல். பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வெளிவந்தது. அதன் வழியில் 1989இல் பிரையன் ஃபாக்ஸ் பாஷை எழுதினார். 1990இல் பால் ஃபால்ஸ்டட் இஸட் ஷெல்லைத் தொடங்கினார். டாஷ் சிறியது, வேகமானது, அலங்காரம் இல்லாதது. 2006 ஒக்டோபரில் வந்த உபுண்டு 6.10, கணினியின் பொது ஷெல் இடத்திலிருந்து பாஷை எடுத்துவிட்டு டாஷை வைத்தது. பாஷுக்கே உரிய வசதிகளை நம்பி எழுதிய ஸ்கிரிப்டுகள் பல அன்று உடைந்தன. ஆப்பிள் கணினிகளோ 2006இல் வெளிவந்த பாஷ் 3.2ஐயே இன்னும் வைத்திருக்கின்றன. 2019 முதல் பயனருக்கு இயல்பாகக் கொடுப்பது இஸட் ஷெல். வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் பிஸிபாக்ஸ் என்ற சிறு தொகுப்பின் ஷெல் இருக்கிறது. நீங்கள் எழுதியது எங்கே போய் ஓடும் என்பது உங்கள் கையில் இல்லை.

சரி, மற்ற ஷெல்லை எப்படிக் கொண்டுவருவது? சொந்த உபுண்டு கணினி என்றால் ஒற்றைக் கட்டளையில் முடியும். ஆனால் அந்த வழியில் பொதுவாக ஒரே ஒரு பதிப்புத்தான் கிடைக்கும். பாடசாலை ஆய்வுகூடத்திலோ கல்லூரியிலோ நிர்வாகிக் கடவுச்சொல்லும் கையில் இருக்காது. அப்போது மூலநிரலை இறக்கித் தானே கட்டிக்கொள்வதுதான் வழி. டேட்டா அட்டையை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் வீட்டுக்கும் இது தாங்கும்: டாஷின் மூலநிரல் சுமார் 250 கிலோபைட்தான், இஸட் ஷெல் சில மெகாபைட். சி கம்பைலரும் மேக் என்ற கருவியும் மட்டும் முன்பே இருக்க வேண்டும்.

பொதியை விரித்ததும் உள்ளே கான்ஃபிகர் என்ற ஸ்கிரிப்ட் இருக்கும். அதை ஓட்டும்போது பிரிஃபிக்ஸ் என்ற தெரிவில் உங்கள் சொந்தக் கோப்புறைக்குள் ஓர் இடத்தைக் கொடுங்கள். உங்கள் கணினியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அது வரி வரியாகத் தேடும். இஸட் ஷெல்லுக்கு என்-கர்சஸ் நூலகத்தின் மேம்பாட்டுக் கோப்புகள் வேண்டும். இல்லையென்றால் முனையத்தைக் கையாளும் நூலகம் கிடைக்கவில்லை என்று சொல்லி அங்கேயே நிற்கும். முதன்முதலில் கட்டுகிறவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் இது. அது தாண்டினால் மேக், பிறகு மேக் செக், கடைசியாக மேக் இன்ஸ்டால். நடுவில் உள்ள மேக் செக்கைத் தாண்டிப் போகாதீர்கள். கட்டிய ஷெல் சரியாக இருக்கிறதா என்று இஸட் ஷெல்லின் சோதனைகள் அதில்தான் ஓடுகின்றன. சோதனைக் கருவியே கோணலாக இருந்தால் மேற்கொண்டு என்ன சோதிப்பது? டாஷில் அப்படியான சோதனைத் தொகுப்பு இல்லை.

புதிய ஷெல்லைக் கணினியின் பொது ஷெல்லாக மாற்ற வேண்டாம். அதன் முழுப் பாதையைச் சொல்லி, பக்கத்தில் ஸ்கிரிப்டின் பெயரைப் போட்டு அழைத்தால் போதும். வேண்டாமென்றால் கோப்புறையை அழித்துவிடலாம். வேறெங்கும் தடயம் இராது.

மூலநிரலை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதில் மட்டும் கறாராக இருங்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்-இஸட் என்ற சுருக்கக் கருவியில் கள்ளக் கதவு ஒன்று அகப்பட்டது. உள்நுழைவுக்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியியலாளர் துருவியதில் பிடிபட்டது அது. எல்லோரும் பார்க்கும் களஞ்சியத்தில் இல்லாத ஒரு துண்டு, வெளியிடப்பட்ட பொதியின் கட்டும் ஸ்கிரிப்டில் செருகப்பட்டிருந்தது. அதிகாரபூர்வத் தளத்தில் இறக்கி, கூடவே இருக்கும் கையொப்பத்தையும் சரிபார்ப்பது நல்ல பழக்கம். எக்ஸ்-இஸட்டில் கையொப்பமும் சரியாகவே இருந்தது என்பது வேறு கதை.

கொழுந்துக் கணக்குக்கு வருவோம். எண்ணின் முன் "10#" போட்டால் பாஷ் அதைப் பத்தின் அடியில் படித்து 28 சொல்லும்; இஸட் ஷெல்லும் ஏற்றுக்கொள்ளும். டாஷ் அதைக் கண்டு பிழை காட்டும். ஆக, ஒரு ஷெல்லுக்கான மருந்து இன்னொன்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கூட்டுவதை ஆக் என்ற பழைய கருவியிடம் விட்டுவிட்டால் மூன்றிலும் 28 வருகிறது. 17.5 போன்ற அரைக் கிலோவும் சேதமில்லாமல் தப்பும்; பாஷும் டாஷும் புள்ளி வைத்த எண்ணையே ஏற்பதில்லை.

சோதனைக் கோப்பில் அழகான எண்களை மட்டும் போடாதீர்கள். 008, 010, 17.5 இருக்கட்டும். ஒரு நிறுவையை வெறுமையாக விடுங்கள். பாஷ் அதைக் கேட்காமலே பூச்சியமாக்கிவிடும், ஒருவரின் அரை நாள் உழைப்பு அதில் போகலாம். இன்னொரு பிரதியை விண்டோஸ் கணினியில் திறந்து சேமித்துக் கொண்டுவாருங்கள். அலுவலகக் கோப்புகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு வந்து, அதுவரை ஒழுங்காக ஓடிய கூட்டலைப் பாஷில் நிறுத்திவிடும்.