டிராக்டரில் புல் வெட்ட எந்தக் கருவி?

தென்னந்தோப்புப் புல்லுக்கு ரோட்டவேட்டர் போதாதா என்று சில குழுக்கள் கேட்கிறார்கள். அதை மரத்தடியில் அடிக்கடி ஓட்டினால் மண்ணோடு மேல்வேரும் அறுபடும். ஸ்லாஷர் புல்லை மட்டும் வெட்டி, அங்கேயே மூடாக்காகப் போட்டுவிடும். அதனால் ஸ்லாஷரே நல்லது என்கிறோம்.

பின்சக்கரத் தடத்தை மூடுகிற அகலம் பார்த்து வாங்கணும். குறைந்தால் சக்கரம் மிதித்த புல் வெட்டுப்படாது. 5 அடிக் கருவியை 35 ஹெச்.பி. டிராக்டர் சாதாரணமாக இழுக்கும்.

விலை பேசுமுன் தண்டைப் பாருங்க. டிராக்டரிலிருந்து கருவியைச் சுற்றவைக்கும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும், அதாவது ஒரு நொடிக்கு 9 சுற்று. முந்தானை மாட்டினால் உதறக்கூட நேரமிருக்காது. தண்டுக்கு உறை இல்லையென்றால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். கல்லும் தெறிக்கும். மாட்டுக்குப் புல் அள்ளப் போகிறவர்கள், டிராக்டரை நிறுத்திச் சாவியை எடுத்து, கத்தி சுற்றுவது நின்ற பிறகே கிட்டப் போகணும்.